அடர்மேகத்தின் அடியில் கண் எங்கே? செயற்கைக்கோள் தரவு நின்றால் சூறாவளியைப் பின்தொடரும் விதம்

2025 ஜூன் 25 அன்று, அமெரிக்காவின் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான நோவா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ராணுவத்தின் மூன்று வானிலைச் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் நுண்ணலைத் தரவு ஜூன் 30-க்குள் நின்றுவிடும் என்றது அது. ஐந்தே நாள் அவகாசம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் தொடங்கி நான்கு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் கெடு ஜூலை 31-க்குத் தள்ளிப்போனது. ஜூலை முடிவதற்குள், 2026 செப்டம்பர் வரை தரவு தொடரும் என்று பாதுகாப்புத் துறை இறங்கி வந்தது.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. மேலே சுற்றும் கருவி எதுவும் பழுதாகவில்லை. கலிபோர்னியாவின் மான்டெரேயில், தரவைப் பெற்றுப் பிரித்து அனுப்பும் கடற்படை மையத்தின் கணினி அமைப்பில் இணையப் பாதுகாப்பு ஆபத்து இருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். செயற்கைக்கோள் தரவு இல்லாமல் போவது என்றதும் விண்ணில் ஏதோ வெடித்துச் சிதறுவதுபோல நாம் நினைக்கிறோம். தரையில் ஒரு கணினி அறையை மூடினாலே போதும்.

அந்தத் தரவு போனால் என்ன குறையும், மிச்சமிருப்பதை வைத்துப் புயலை எப்படிப் பின்தொடர்வார்கள் என்பதைப் பார்ப்போம். புயல் திடீரென்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடாது. ஆனால் அது எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் வலுப்பெறுகிறது என்பது சில மணி நேரம் தாமதமாகத் தெரியவரும். கடலோரத்தில் வீட்டைப் பூட்டிக் கிளம்ப வேண்டியவர்களுக்கு அந்தச் சில மணி நேரம்தான் எல்லாம்.

மேகத்தின் கூரையும் உள்ளே இருக்கும் எலும்பும்

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் சுழல்மேகப் படம், பூமிக்கு மேல் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் எடுப்பது. அட்லாண்டிக்குக்கு இப்போது அது கோஸ்-19. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக்கோளம் முழுவதையும், தேவைப்பட்டால் புயல் பகுதியை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறையும் எடுத்துத் தள்ளும். குறை ஒன்றுதான்: அது பார்ப்பது கூரையை. இரவில் அகச்சிவப்புப் படம் மட்டுமே கிடைக்கும். அதில் தெரிவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது. வளர்ந்துவரும் புயலின் நடுவில் அடர்ந்த மேகம் போர்வைபோல மூடிக்கொள்ளும். அதன் கீழே சுழற்சியின் மையம் எந்த மூலையில் இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லாது.

நுண்ணலைக் கருவி அந்தப் போர்வையை ஊடுருவும். அந்த ராணுவச் செயற்கைக்கோள்களிலுள்ள எஸ்எஸ்எம்ஐஎஸ் எனும் நுண்ணலைக் கருவியில் 24 அலைவரிசைகள் உண்டு. புயல்காரர்கள் முதலில் தேடுவது இரண்டை: 91 கிகாஹெர்ட்ஸ், 37 கிகாஹெர்ட்ஸ். முன்னது மேகத்தின் மேல்பாதியில் இருக்கும் பனித்துகள்களைக் காட்டும். இடிமேகம் ஓங்கி நிற்கும் இடங்களும், கண்ணைச் சுற்றி நிற்கும் மேகவளையமான கண்சுவரும் அதில் பளிச்சென்று தெரியும். பின்னது கீழே இருக்கும் மழைத்துளிகளைக் காட்டும். 37 கிகாஹெர்ட்ஸ் படத்தில் மையத்தைச் சுற்றி மழை முழுவளையமாக மூடிக்கொண்டுவிட்டால், அகச்சிவப்பில் கண் தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே புயல் வேகமாக வலுக்கப்போகிறது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு கைப்பழக்கம் வேண்டும். கருவி நேர்கீழாகப் பார்ப்பதில்லை, சாய்வாகப் பார்க்கிறது. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உயரத்திலிருக்கும் பனியை 91-இல் பார்க்கும்போது அது உண்மையான இடத்திலிருந்து 10 முதல் 20 கி.மீ. வரை தள்ளித் தெரியும். 37-இல் இந்த விலகல் சுமார் 5 கி.மீ.தான். ஆகவே 91-ஐ வைத்துக் கட்டமைப்பைப் படி, 37-ஐ வைத்து மையத்தைக் குறி. இதை மறந்து 91-இல் தெரியும் துளையின் நடுவில் புள்ளி வைப்பவருடைய புயல் 15 கி.மீ. தள்ளி நிற்கும்.

மாற்றுக் கருவிகள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஜிகாம்-டபிள்யூ செயற்கைக்கோளிலுள்ள ஆம்சர்-2 இன்னும் கூர்மையானது. அதன் 89 கிகாஹெர்ட்ஸ் படத்தில் ஒரு புள்ளி 3-க்கு 5 கி.மீ. அளவுதான். மழையை அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளின் படமும் அருமையானது; ஆனால் அது பார்க்கும் பட்டையின் அகலம் சுமார் 885 கி.மீ. மட்டுமே, எஸ்எஸ்எம்ஐஎஸ் பார்ப்பதோ 1,700. நோவாவின் சொந்த ஏடிஎம்எஸ் கருவி அகலமாகப் பார்க்கும். ஆனால் 88 கிகாஹெர்ட்ஸில் அதன் ஒரு புள்ளி நேர்கீழேயே 30 கி.மீ.க்கு மேல். 20 கி.மீ. அகலமுள்ள கண் அதற்குள் கரைந்துபோகும். ராணுவத்தின் புதிய நுண்ணலைச் செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில் ஏவப்பட்டது. அது ஒன்றே ஒன்று.

எண்ணிக்கையைவிடக் கடிகாரம் முக்கியம். ஜிபிஎம் தவிர மற்றவை துருவச் சுற்றுப்பாதையில் ஓடுகின்றன; ஒரே இடத்துக்கு மேல் நாளுக்கு இரண்டு முறைதான் வரமுடியும், அதிலும் வெப்பமண்டலத்தில் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி விழும். ஆம்சர்-2, ஏடிஎம்எஸ் கருவியைச் சுமக்கும் சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 செயற்கைக்கோள்கள் எல்லாமே உள்ளூர் நேரம் பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை என்று ஒரே நேரத்தை ஒட்டிக் கடக்கின்றன. ராணுவச் செயற்கைக்கோள்கள் விடியலையும் மாலையையும் ஒட்டிய நேரங்களை நிரப்பின. அவை போனால், "வேறு கருவிகள் இருக்கின்றனவே" என்ற பதில் கணக்குக்குச் சரி, நேரத்துக்குச் சரியில்லை. இரவு இரண்டு மணிக்கு நல்ல படம் வரும். அதன்பின் விடியும்வரை, எப்போதாவது குறுக்கே வரும் ஒரு ஜிபிஎம் பட்டையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

விடிந்ததும் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கப் புயல் கணிப்பாளர்களிடம் ஒரு பெயரே உண்டு: விடியல் அதிர்ச்சி. இரவெல்லாம் மேகத்தின் நடுவில் இருப்பதாக நினைத்த மையம், முதல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மேகத்துக்கு வெளியே பல பத்து கிலோமீட்டர் தள்ளி நிர்வாணமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அந்தத் தவறான இடத்தில் தொடங்கி ஓடிய கணினி மாதிரிகள் அத்தனையும் பிறகு வீண்.

மேகத்தின் வடிவத்தை வைத்து வலிமை சொல்வது

நுண்ணலை இல்லாவிட்டால் அகச்சிவப்பும் டிவோராக் முறையும் மிஞ்சும். வெர்னான் டிவோராக் 1970-களில் உருவாக்கிய இம்முறை, மேகப் பட்டை மையத்தை எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது, கண்ணுக்கும் சுற்றியுள்ள மேகத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு என்பதை வைத்து 1 முதல் 8 வரை, அரை அரையாக, ஒரு டி-எண் தரும். டி 4.0 என்றால் 65 நாட், அதாவது மணிக்கு 120 கி.மீ.; சூறாவளியின் தொடக்கம். டி 5.0 என்றால் 90 நாட், டி 6.0-க்கு 115, டி 7.0-க்கு 140.

இந்த முறையில் ஒரு தடைக்கல் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. மேகம் ஒரு மணி நேரம் பொங்கி அடங்குவதை வைத்து யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காக, வலுவான புயலுக்கு 6 மணி நேரத்தில் டி-எண் 1-க்கு மேலும், 24 மணி நேரத்தில் 2.5-க்கு மேலும் ஏறக்கூடாது என்பது விதி. பெரும்பாலான புயல்களுக்கு நல்ல விதி. 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓடிஸ், ஒரே நாளில் சாதாரண வெப்பமண்டலப் புயலிலிருந்து உச்ச வகையான ஐந்தாம் வகைச் சூறாவளியானது. டி-எண்ணில் சொன்னால் ஏறத்தாழ மூன்றரை படி. விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், இப்படிப்பட்ட புயலில்தான் கணிப்பு பின்தங்கும். விதியை மீறத் துணிவதற்கு மேகத்துக்குக் கீழிருந்து ஒரு சாட்சி வேண்டும். ஓடிஸில் அந்தச் சாட்சியில் ஒன்று, தாக்குதலுக்கு முந்தைய பிற்பகலில் உள்ளே பறந்த விமானம்.

உள்ளே பறந்து அளப்பது

மிசிசிப்பியின் பிலாக்சி அருகே கீஸ்லர் விமானத்தளத்தில் உள்ள 53-ஆவது வானிலை உளவுப் படையிடம் டபிள்யூசி-130ஜே விமானங்கள் பத்து. நோவாவிடம் பி-3 ஓரியன் இரண்டு. வலுவான சூறாவளிக்குள் வழக்கமாக 10,000 அடியில், அதாவது 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில் நுழைவார்கள். மையத்திலிருந்து நான்கு மூலைக்கும் 105 கடல் மைல் நீளக் கோடுகளாகப் பறந்து, ஒவ்வொரு முறையும் நடுவைக் கடப்பார்கள். காற்று சட்டென்று செத்து எதிர்த்திசையில் எழும் இடம்தான் மையம். நேரம், அட்சம், தீர்க்கம், கண்ணின் வடிவம், விட்டம் எல்லாம் ஒரே செய்தியாக மயாமியிலுள்ள தேசிய சூறாவளி மையத்துக்குப் போகும்.

நடுவிலும் கண்சுவரிலும் டிராப்சோண்ட் எனும் சிறு குழாயை விடுவார்கள். சிறு பாராசூட்டோடு நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இறங்கி, ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் கடலைத் தொடும். அதுவரை அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிகழ்நேரத்தில் அதை வாசிப்பவர் செய்யும் ஒரு திருத்தத்தைச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் விட்ட குழாய் கடல்மட்டத்தில் 958 ஹெக்டோபாஸ்கல் காட்டுகிறது, ஆனால் அங்கே காற்று 20 நாட் என்றும் சொல்கிறது. சரியான மையத்தில் காற்று இருக்கக் கூடாது. குழாய் சற்றுத் தள்ளி விழுந்திருக்கிறது என்று பொருள். 10 நாட்டுக்கு 1 ஹெக்டோபாஸ்கல் கழித்துக்கொள். மைய அழுத்தம் 956.

மேலே அளந்த காற்றைக் கீழே கொண்டுவரவும் ஒரு கணக்கு உண்டு. கண்சுவரில் 10,000 அடியில் 100 நாட் என்றால் கடல்மட்டத்தில் 90. இறக்கைக்கு அடியிலுள்ள நுண்ணலை அளவி, கடற்பரப்பில் நுரை எவ்வளவு என்பதிலிருந்து காற்றைக் கணிக்கும். ஆழமற்ற கடலிலும் கொட்டும் மழையிலும் அதன் அளவு மிகையாக வரலாம் என்பதால், கரையை நெருங்கும் நேரத்தில் அதைத் தனியாக நம்பக் கூடாது.

விமானத்தின் எல்லை தூரம்தான். அட்லாண்டிக்கில் பெரும்பாலும் 55 டிகிரி மேற்குத் தீர்க்கத்தைத் தாண்டி வந்த புயல்களுக்கே போகிறார்கள். அதற்குக் கிழக்கே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வரும் நீண்ட வழியெல்லாம் விண்ணிலிருந்து பார்ப்பதுதான். மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில் பறப்பது அபூர்வம்.

அழுத்தமானி, காற்று, அலை

1943 ஜூலையில் அமெரிக்கா இதே சிக்கலைத் தன் கையாலேயே உண்டாக்கிக்கொண்டது. மெக்சிகோ வளைகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நடமாடியதால், கப்பல்களின் வானொலிக்கு வாய்ப்பூட்டு. கடலிலிருந்து அழுத்தமோ காற்றோ வந்து சேரவில்லை. எச்சரிக்கைகளும் தணிக்கை தாண்டியே வெளியே வந்தன. ஜூலை 27 அன்று கால்வெஸ்டன் அருகே சின்னஞ்சிறு சூறாவளி ஒன்று கரையேறி 19 பேரைக் கொன்றது. அதே நாளில், டெக்சாஸின் பிரையன் தளத்திலிருந்து ராணுவ விமானி ஜோசப் டக்வொர்த் வழிகாட்டி ரால்ஃப் ஓஹேரோடு ஒற்றை இயந்திரப் பயிற்சி விமானத்தில் அதன் கண்ணுக்குள் போய்த் திரும்பினார். சூறாவளிக்குள் பறந்து அளக்கும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கப்பல், மிதவை, கரை நிலையம் இவை தரும் மூன்று எண்களிலிருந்து மையத்தைக் குறிப்பது எப்படி? வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு மையம் இடக்கைப் பக்கம், சற்று முன்னால். ஒரு மிதவையில் வடகிழக்குக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகைக் காட்டினால் முகம் தென்மேற்கே, இடக்கை தென்கிழக்கே, கடலில் காற்று உள்நோக்கி ஏறத்தாழ 20 டிகிரி சாய்வதால் இன்னும் சற்று முன்னால் தள்ளி, தென்-தென்கிழக்காகக் கோடு போடுங்கள். இன்னொரு கப்பலில் தென்காற்று என்றால் அங்கிருந்து மேற்கு-வடமேற்காக ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தைச் சுற்றித்தான் மையம். மூன்றாவது நிலையம் கிடைத்தால் வெட்டுப்புள்ளி முக்கோணமாகும். அந்த முக்கோணத்தின் அளவே உங்கள் பிழையின் அளவு.

அழுத்தத்தை வாசிப்பதில் புதியவர் விழும் குழி ஒன்று உண்டு. வெப்பமண்டலத்தில் புயலே இல்லாத நாளிலும் அழுத்தம் காலை பத்து மணிக்கு உச்சத்துக்கு ஏறி மாலை நான்குக்கு 3 ஹெக்டோபாஸ்கல் அளவு இறங்கும். இரவு பத்துக்கு மறுபடி ஏறும். காலை பத்தையும் மாலை நான்கையும் ஒப்பிட்டுப் "புயல் வருகிறது" என்று பதறக் கூடாது. நேற்று நான்கு மணிக்கு 1010, இன்று நான்கு மணிக்கு 1006 என்றால்தான் நிஜமான வீழ்ச்சி.

காற்றின் திருப்பமும் பேசும். நேரம் போகப்போகக் காற்று கடிகார முள் திசையில் திரும்பினால், புயல் போகும் பாதைக்கு வலப்புறம் இருக்கிறீர்கள். எதிர்த்திசையில் திரும்பினால் இடப்புறம். திசை மாறாமலே வலுத்து, அழுத்தமும் விழுந்துகொண்டிருந்தால் புயல் நேராக உங்களை நோக்கி வருகிறது.

அலை இன்னும் முன்னால் வந்துவிடும். 14 நொடி இடைவெளியில் வரும் நெடும் பேரலை ஆழ்கடலில் மணிக்கு சுமார் 39 கி.மீ. வேகத்தில் நகர்கிறது, ஒரு நாளில் 900 கி.மீ.க்கு மேல். மணிக்கு 15, 20 கி.மீ. நகரும் புயலை அது எளிதாக முந்திவிடும். காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையில் நீண்ட இடைவெளியோடு அலை வந்து மோதினால், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று குறித்துவைப்பது வீண்போகாது.

மிதவைகள் புயலில் பொய் சொல்வதுமுண்டு. அவற்றின் காற்றளவி கடலுக்கு நான்கைந்து மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பத்து மீட்டர் அலையின் பள்ளத்தில் இறங்கும்போது காற்று மறைந்துவிடும். வேகம் குறைவாகப் பதிவாகும். அழுத்த எண் அப்படி ஏமாற்றாது. நங்கூரம் அறுந்த மிதவை வேறிடத்துக்கு மிதந்துபோய் அங்கிருந்து எண் அனுப்பிக்கொண்டிருக்கும். இடத்தைச் சரிபார்க்காமல் அதை வரைபடத்தில் ஏற்றினால் புயலையே இடம்மாற்றிவிடும்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே

மையம் கிடைத்தாயிற்று, இனி நகர்வு. ஒவ்வொரு குறிப்பிலும் 20 கி.மீ. பிழை சாத்தியம் என்றால், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் பிழைத்தால் 40 கி.மீ. ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு புள்ளிகளை வைத்து வேகம் கணக்கிட்டால் பிழை மணிக்கு 40 கி.மீ.; அது புயலின் வேகத்தையே விழுங்கிவிடும். 12 மணி நேர இடைவெளி எடுத்தால் மணிக்கு மூன்று சொச்சம். அதையே 48 மணி நேரத்துக்கு நீட்டினால் 160 கி.மீ. வலுத்த புயலின் கண் தன் பாதையின் இருபுறமும் தள்ளாடித்தான் போகும். ஒரு தள்ளாட்டத்தைத் திருப்பமென்று எண்ணி எச்சரிக்கையை மாற்றுவது பழைய தவறு.

பல நாள் முன்கணிப்பு கணினி மாதிரிகளைச் சார்ந்தது. மாதிரிகளோ துருவச் செயற்கைக்கோள்களின் தரவைத் தின்று வாழ்கின்றன. 2012-இல் நியூஜெர்சியைத் தாக்கிய சாண்டியை, அந்தத் தரவை எடுத்துவிட்டு ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் மறுபடி கணித்துப் பார்த்தது. நான்கைந்து நாள் முன்கணிப்பில் புயல் கரைக்குத் திரும்பவே இல்லை. இதற்கான பகுதி ஈடாக, ஆபத்து நெருங்கும்போது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை விடும் வானிலை பலூன்களை 6 மணி நேரத்துக்கு ஒருமுறை விடுகிறார்கள். நோவாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானம் 40,000 அடிக்கு மேல் புயலைச் சுற்றிப் பறந்து டிராப்சோண்ட் போட்டு, அதை இழுத்துச் செல்லும் காற்றை அளக்கிறது. சாண்டிக்குச் சற்றுமுன், 2012 செப்டம்பர் 23-இல், அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்த கோஸ்-13 கோளாறாகி நின்றது; சுற்றுப்பாதையில் உபரியாக நிறுத்திவைத்திருந்த கோஸ்-14 கைகொடுத்தது. உபரி ஒன்றை மேலே வைத்திருப்பது வீண்செலவென்று நினைப்பவர்கள் அந்தத் தேதியைப் பார்க்கட்டும்.

கடைசியில் ரேடார். அமெரிக்காவின் டாப்ளர் ரேடார் 460 கி.மீ. வரை மழையைக் காட்டும் என்பார்கள். ஆனால் பூமி வளைகிறது. அரை டிகிரி உயர்த்திய கதிர் 100 கி.மீ. தூரத்தில் ஒன்றரைக் கி.மீ. உயரத்திலும், 230 கி.மீ. தூரத்தில் 5 கி.மீ. உயரத்திலும், 460-இல் 16 கி.மீ. உயரத்திலும் போகிறது. தூரத்துப் புயலில் அது பார்ப்பதும் கூரையைத்தான். நெருங்கி வந்தபின் ரேடாரே அடிபடும்: 2017-இல் மரியா பியூர்ட்டோ ரிக்கோவின் ரேடாரையும், 2020-இல் லாரா லூசியானாவின் லேக் சார்ல்ஸ் ரேடாரையும் நொறுக்கின.

வங்காள விரிகுடாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அடுக்குகளில் ஒன்று அடியோடு காணோம். இங்கே புயலுக்குள் வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. இன்சாட் படமும் டிவோராக் எண்ணும், வந்துபோகும் நுண்ணலைப் பட்டைகளும், ஓஷன்சாட் போன்றவை தரும் கடற்காற்று அளவும், கொஞ்சம் மிதவைகளும்தான். சென்னை, காரைக்கால் ரேடார்கள் கீழ்மட்டச் சுழற்சியை ஓரளவு தெளிவாகப் பார்க்க, புயல் 230 கி.மீ.க்குள் வந்தாக வேண்டும். மணிக்கு 15 கி.மீ. நகரும் புயலுக்கு அது கரையைக் கடக்க வெறும் 15 மணி நேரம் முன்பு. அதற்கு முந்தைய இரவில் மையம் எங்கே என்று கேட்டால், பதில் சொல்ல அந்த நுண்ணலைப் பட்டைதான் வர வேண்டும்.